நான் மூடச் சொன்ன சிரிப்பு

எம்பட மாமாவுக்கு,

எம்பட என்றால் என்னுடைய; கட்டினவரை மாமா என்று கூப்பிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். இந்தக் கடிதத்தை நீங்கள் படிக்கப் போவதில்லை, மற்றவர்கள்தான் படிப்பார்கள். அவர்களுக்காக இதை முதலில் சொல்லிவிடுகிறேன். வேலுச்சாமி என்ற உங்கள் பெயரை முப்பத்தோரு வருஷத்தில் நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. இப்போது எழுதியே விட்டேன். நீங்கள் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள். கோபத்தைப் பற்றித்தான் உங்களிடம் பேச வேண்டியிருக்கிறது.

நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிவிட்டது. வடக்குத் தோப்பில் தென்னைக்கு வந்திருந்த வெள்ளை ஈ இந்த மழைக்குக் கொஞ்சம் குறைந்திருக்கிறது. கிணற்று மோட்டாரை இப்போது நானே போடுகிறேன். சுவிட்சைத் தொடும்போதெல்லாம் ஈரக் கையோடு தொடாதே என்று நீங்கள் சொல்வது காதில் கேட்கிறது. நம் நாய் மணி இன்னும் மோட்டார் ரூம் வாசலில்தான் படுத்திருக்கிறது. வீட்டுக்குக் கூப்பிட்டால் வந்து தின்றுவிட்டு மறுபடி அங்கேயே போய்விடுகிறது.

கூடத்தில் உங்கள் படத்தை மாட்டியிருக்கிறோம். அந்தப் படத்தைப் பற்றித்தான் எழுத வந்தேன். அது எப்படி அந்த முகம் ஆனது என்று உலகத்தில் என் ஒருத்திக்குத்தான் தெரியும்.

மலம்புழா அணையில் ஆரம்பித்தது. கல்யாணம் ஆகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. நான் பாலக்காடு ஜில்லா கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ் மீடியம் எல்.பி. ஸ்கூலில், அதாவது ஆரம்பப் பள்ளியில், புதிதாகச் சேர்ந்த டீச்சர். நீங்கள் பத்தாவதோடு நிறுத்திவிட்டுத் தோட்டத்தில் இறங்கினவர். ஆயில் என்ஜினைச் சுற்றும்போது ஹேண்டில் திருப்பி அடித்து உங்கள் மேல்வரிசை முன்பல் ஒன்று போய்விட்டது, பக்கத்துப் பல் பாதி உடைந்திருந்தது. பெண் பார்க்க வந்த அன்று அதை நீங்களே காட்டி, இதைப் பார்த்துவிட்டு அப்புறம் சரி என்று சொல்லச் சொல்லுங்கள் என்று எங்கள் அப்பாவிடம் சொன்னீர்களாம். நானும் சரி என்றுதான் சொன்னேன்.

ஆனால் அணைப் பூங்காவில் ஒரு போட்டோக்காரர் நம்மைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, கொஞ்சம் சிரிங்க என்றதும் நீங்கள் முகம் முழுக்கச் சிரித்தீர்கள். எனக்கு அந்தப் படத்தை ஸ்டாஃப் ரூமில் காட்டப்போகும் நினைப்பு. உங்கள் முழங்கையை இடித்து, “வாயை மூடிக்கோங்க மாமா, பல்லுத் தெரியுது” என்றேன். நீங்கள் டக்கென்று மூடிக்கொண்டீர்கள். உதடு இரண்டும் ஒட்டி, தாடை இறுகி, கண் நேராகக் காமிராவைப் பார்த்தது. “இப்பத்தானுங்க நல்லாருக்கு” என்றும் சொன்னேன்.

இவ்வளவுதான் நான் சொன்னது. அதன் பிறகு அந்தப் பேச்சை நான் எடுக்கவே இல்லை. எடுக்க வேண்டியும் இருக்கவில்லை. காமிராவைக் கண்டால் உங்கள் வாய் தானாக மூடிக்கொள்ளும். நம் பையன் பிரபுவின் மொட்டைக்குப் பழனி போனபோதும் சரி, அவன் காலேஜ் சேர்ந்த அன்றும் சரி, அதே முகம். அவன் கல்யாணத்துக்காகப் பாலக்காடு போய்ப் பல்செட் வைத்துக்கொண்டு வந்தீர்கள். சாப்பிட முடியவில்லை என்று பந்தியில் உட்காரும்போது கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டீர்கள். அப்புறம் அது பீரோவுக்குள் போய்விட்டது. ஆனால் செட் வாயில் இருந்த அந்த ஒரு நாளும் படத்துக்கு நீங்கள் சிரிக்கவில்லை, மாமா. பழகிவிட்டதா? இல்லை, நான் சொன்னது பல்லைப் பற்றி இல்லை, உங்களைப் பற்றி என்று நினைத்துக்கொண்டீர்களா?

இதோடு நின்றிருந்தால்கூட இந்தக் கடிதம் எழுத வேண்டியிருக்காது.

எனக்கு முதல்முதலாகக் காமிரா வைத்த போன் வாங்கிய வருஷம், கோயமுத்தூரில் ஒரு கல்யாணத்துக்கு இரண்டு பேரும் உங்கள் டிவிஎஸ்ஸில் போனோம். வாளையார் செக்போஸ்டில் லாரி வரிசை நகரவே இல்லை. சிமெண்டுத் தூசியும் வெயிலுமாக நான் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு நின்றேன். நீங்கள் ரோட்டோரம் நுங்கு விற்றவரிடம் போய் வாங்கிவந்து, வண்டியிலேயே மாட்டிக்கொண்டு இருந்த ஒரு லாரி டிரைவருக்கும் கொடுத்தீர்கள். அவருக்கு நம் பாஷை ஒரு சொல் தெரியாது, உங்களுக்கு அவர் பாஷை தெரியாது. ஆனாலும் கையாலேயே பேசி அவரை வயிறு வலிக்கச் சிரிக்க வைத்தீர்கள். அவர்தான் என் போனில் நம் இருவரையும் படம் எடுத்தார். அதில் நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் யாரையோ அடிக்கப் போகிறவர் மாதிரி நிற்கிறீர்கள்.

ஸ்கூலில் அந்தப் படத்தைப் பார்த்து ஹெச்.எம். டீச்சர், “டீச்சரோட ஆளுக்கு எப்போழும் தேஷ்யமா?” என்று மலையாளம் கலந்து கேட்டார். தேஷ்யம் என்றால் கோபம். அவர் சும்மாதான் கேட்டார். இல்லை, அவருக்குப் பல் கொஞ்சம் போயிருக்கிறது, அதனால் வாயை மூடிக்கொண்டிருக்கிறார் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் யார் மூடச் சொன்னது என்று வரும். என் புத்தி எனக்கே வெளிச்சமாகிவிடும். அதனால், “ஆமாங்க டீச்சர், அவருக்குக் கோபம் கொஞ்சம் ஜாஸ்தி” என்று சொல்லிவிட்டேன்.

சொன்னதும் மூன்று பேர் என்னைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஒருத்தர் தன் டீயைப் பாதி ஊற்றித் தந்தார். அவரவர் வீட்டுக்காரர் கதையைச் சொன்னார்கள். எல்லோருக்கும் ஏதோ ஒரு கஷ்டம் இருந்தது. எனக்கு மட்டும் சொல்ல ஒன்றுமில்லாமல் இத்தனை வருஷம் அந்த அறையில் ஓரமாக இருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பரிதாபம் எனக்கு ருசித்தது, மாமா. அதுதான் நிஜம்.

அப்புறம் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு பொய் சேர்ந்தது.

அட்டப்பாடித் துவரை வாங்க வேண்டும் என்று அகளிக்குக் கூட்டிப் போனீர்களே, ஞாபகமிருக்கிறதா? சந்தைக்குள் என் செருப்பு வார் அறுந்துவிட்டது. நான் ஒற்றைச் செருப்போடு நின்றபோது உங்கள் ரப்பர் செருப்பைக் கழற்றி என் முன்னால் போட்டீர்கள். தார் ரோடு கொதித்தது. காட்டுல நடக்கற காலு அம்மிணி, இதுக்கென்ன என்று சொல்லிவிட்டு, நிழல் இருக்கும் இடமாகப் பார்த்துத் தாவித் தாவி நடந்தீர்கள். மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு அப்படி நடந்ததைப் பார்த்துப் பழக்கடைக்காரர் சிரித்தார், நீங்களும் சிரித்தீர்கள். அவர்தான் படம் எடுத்தார். அதில் என் சேலைக்குக் கீழே ஆம்பிளைச் செருப்பு தெரிகிறது. நீங்கள் வெறுங்காலோடு, மூடின வாயோடு நிற்கிறீர்கள்.

ஸ்டாஃப் ரூமில் நான் சொன்ன கதை வேறு. செருப்பு அறுந்ததுக்கு நடுச்சந்தையில் வைச்சு என்னை வைதுவிட்டார் என்றேன். அவர்கள் அந்தப் படத்தை உற்றுப் பார்த்து, உங்கள் முகத்தில் நான் சொன்னதையே கண்டார்கள்.

நான் ரிட்டயர் ஆன அன்று நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். விழாவில் பிள்ளைகள் பாட்டுப் பாடி முடித்த பிறகு உங்களையும் மேடைக்குக் கூப்பிட்டு மாலை போட்டார்கள். ஹெச்.எம். டீச்சர் மைக்கிலேயே, இனி எங்க டீச்சர் முழு நேரமும் உங்க வீட்டில்தான் இருப்பாங்க, அவங்களைத் திட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குத் தலை நிமிரவில்லை. நீங்கள் ஒரு கணம் என்னைப் பார்த்தீர்கள். அப்புறம் அவரைப் பார்த்து, சரிங்க என்று தலையாட்டினீர்கள். போட்டோக்காரர் எதிரே நின்றதால் வாயை மூடிக்கொண்டீர்கள்.

வண்டியில் கால்வாய்ப் பாலம் வரை வந்தோம். அப்புறம், “நான் எப்ப அம்மிணி உன்னைய வைஞ்சேன்?” என்று கேட்டீர்கள். நான், அவங்க வெளையாட்டுக்குச் சொன்னாங்க என்றேன். ஓ என்றீர்கள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. நீங்கள் நம்பினீர்களா, இல்லை நான் தலைகுனிந்ததைப் பார்த்துப் புரிந்துகொண்டு விட்டுவிட்டீர்களா? இந்த எட்டு மாதமாக அந்தப் பாலத்தைத் தாண்டும்போதெல்லாம் இதே கேள்விதான்.

ஒரு வார்த்தை அன்றைக்கே சொல்லியிருக்கலாம். வண்டியின் பின்னால் உட்கார்ந்திருந்தேன், உங்கள் முகத்தைக்கூடப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. அதற்கும் எனக்குத் துணிவில்லை.

ரிட்டயர் ஆன அடுத்த மழைக்காலத்தில் மூணாறு பார்க்க வேண்டும் என்று சொன்னது நான்தான். பொள்ளாச்சி, உடுமலை, மறையூர் என்று பஸ் மாறி மாறிப் போனோம். மறுநாள் சின்னக்கானல் போகிற பஸ்ஸை வழியில் நிறுத்திவிட்டார்கள். முன்னால் ரோட்டில் யானை நிற்கிறது, அது போனால்தான் வண்டி போகும் என்றார்கள். மழை தூறிக்கொண்டிருந்தது. நான் கால் வலி என்று பஸ்ஸிலேயே உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் எதிரே இருந்த டீக்கடையில் போய் நின்றுகொண்டீர்கள். அங்கே எஸ்டேட்டில் கொழுந்து எடுக்கிற பெண்கள் நாலைந்து பேர் ஒதுங்கியிருந்தார்கள். ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆயில் என்ஜின் பல்லை உடைத்த கதையைத்தான் சொல்லியிருப்பீர்கள், கையைச் சுற்றிக் காட்டி, பின்னால் விழுவது மாதிரி நடித்துக் காட்டினீர்கள். அந்தப் பெண்கள் ஒருத்தர் மேல் ஒருத்தர் சாய்ந்து சிரித்தார்கள். நீங்களும் தலையைப் பின்னால் போட்டுச் சிரித்தீர்கள். அதில் ஒரு பெண் தன் போனை உயர்த்தி அதைப் படம் எடுத்தாள்.

பிறகு நான் இறங்கி வந்ததும் நம் இருவரையும் எடுக்கச் சொல்லி என் போனை அவளிடம் கொடுத்தீர்கள். பக்கத்தில் வந்து நின்றீர்கள், வாய் மூடிக்கொண்டது. செல்லக்கனி என்று பெயர் அவளுக்கு. “என்ன அண்ணாச்சி, இம்புட்டு நேரம் நல்லா சிரிச்சிக்கிட்டுதான இருந்தீக?” என்று கேட்டாள். நீங்கள் காமிராவையே பார்த்தீர்கள். நானும் தேயிலைக் காட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நாம் சேர்ந்து எடுத்துக்கொண்ட கடைசிப் படம் அது.

நீங்கள் தோப்பில் விழுந்து அப்படியே போய்விட்ட அன்று, பிரபு கோயமுத்தூரிலிருந்து வந்து சேர்ந்ததும், பிளக்ஸுக்கு ஒரு படம் கேட்டார்கள். அவன் என் போனையும் ஆல்பத்தையும் முழுக்கப் பார்த்துவிட்டு, ஒரு படத்தில்கூட அப்பா சிரிக்கவே இல்லையேம்மா என்றான். வேறு வழியில்லாமல் சின்னக்கானல் படத்திலிருந்து உங்களை மட்டும் எடுத்துப் போட்டார்கள். தெரு முக்கில் கண்ணீர் அஞ்சலி என்று உங்கள் முறைத்த முகம் ஆள் உயரத்துக்கு நின்றது. ஹெச்.எம். டீச்சர் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, தேஷ்யக்காரராக இருந்தாலும் நல்ல மனுஷன் என்று ஆறுதல் சொன்னார். நீங்கள் கூடத்தில் கிடத்தப்பட்டிருந்தீர்கள். நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

உங்களை வைத்துக்கொண்டு, உங்கள் தலைமாட்டில் உட்கார்ந்து, மாமா, நான் தலையாட்டினேன்.

போன மாதம் பேத்தி யாழினி வந்திருந்தாள். நாலு வயசு முடிந்துவிட்டது, இப்போது நிறையப் பேசுகிறாள். கூடத்தில் விளையாடிக்கொண்டிருந்தவள் உங்கள் படத்துக்கு முன்னால் நின்று, “தாத்தா எதுக்கு என்னையக் கோவமாப் பாக்கறாரு? நான் என்ன பண்ணுனேன்?” என்று கேட்டாள். அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு வரப்பெல்லாம் நடந்தவர் நீங்கள். அவளுக்கு அது ஒன்றும் ஞாபகமில்லை. இந்தப் படம்தான் அவளுக்கு இனி தாத்தா என்று நினைத்ததும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த வாரமே சின்னக்கானலுக்குப் பஸ் ஏறினேன். தனியாக அவ்வளவு தூரம் நான் போனதே இல்லை, உங்களுக்கே தெரியும். பிரபுவிடம் பழைய டீச்சர் ஒருத்தரைப் பார்க்கப் போகிறேன் என்று சொன்னேன். அதுவும் பொய். அந்த டீக்கடையைக் கண்டுபிடித்து, செல்லக்கனி என்ற பெயரைச் சொன்னதும் கடைக்காரர் போன் போட்டு வரவழைத்தார். வேலை முடிந்து நேராக வந்தாள், தலையில் கட்டின துணியைக்கூட அவிழ்க்கவில்லை. நீங்கள் இல்லை என்று சொன்னதும் பெஞ்சில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

நான் படத்தைக் கேட்டேன். அந்த போன் போன வருஷ மழையில் தண்ணீருக்குள் விழுந்துவிட்டதாம். யாருக்காவது அனுப்பினாயா என்று கேட்டேன். அன்றைக்குச் சிரித்த பெண்களுக்கெல்லாம் போன் போட்டுப் பார்த்தாள், யாரிடமும் இல்லை. நான் இருந்த இருப்பைப் பார்த்து அவளே டீ வாங்கிக் கொடுத்தாள். அப்புறம் தயங்கித் தயங்கி ஒன்றைச் சொன்னாள். நாம் படம் எடுத்து முடித்து, நான் பஸ்ஸுக்குத் திரும்பிய பிறகு அவள் உங்களிடம் மறுபடி கேட்டிருக்கிறாள், ஏன் படத்துக்கு மட்டும் முகத்தை அப்படி வைத்துக்கொள்கிறீர்கள் என்று.

“அதுக்கு அண்ணாச்சி என்ன சொன்னாருன்னா, அப்படி நின்னாத்தான் நான் நல்லாருக்கேன்னு டீச்சர் சொல்லியிருக்காங்க, டீச்சர் பக்கத்துல நிக்கும்போது நான் நல்லாருக்கணும்லன்னாரு” என்றாள்.

அவள் அதை ஒரு நல்ல விஷயமாகத்தான் சொன்னாள். எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று சொன்னாள். மலம்புழாவில் போகிற போக்கில் நான் சொன்னதை நீங்கள் முப்பது வருஷம் வைத்திருந்தீர்கள். அந்த முகத்தைக் காட்டித்தான் நான் ஊருக்கெல்லாம் உங்களைக் கோபக்காரர் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். 

நீங்கள் சிரிக்கிற படம் இனி கிடைக்காது. அது கிடைத்திருந்தால் கூடத்தில் மாட்டிவிட்டு, யாரிடமும் எதுவும் சொல்லாமல் தப்பித்திருப்பேன். எனக்கு என்னைத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை பிரபுவையும் மருமகளையும் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். மருமகள் அழுதுவிட்டாள். பிரபு அழவில்லை. அவன் சின்னப் பையனாக இருந்தபோது, அப்பா வரட்டும், சொல்லிடறேன், வெளுத்துடுவாரு என்றுதான் அவனை நான் அடக்கி வைத்தேன். அதை அவன் மறக்கவில்லை.

“அப்பா என்னைய ஒருக்காகூட அடிச்சதில்லைங்கம்மா. ஆனா நான் பயந்துட்டேதான் வளந்தேன். அந்தப் பயம் நீங்க வெச்சதுன்னு இப்பத்தான் தெரியுது” என்றான். எழுந்து தோப்புப் பக்கம் போய்விட்டான். மோட்டார் ரூம் திண்டில் மணி பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். நான் போய்க் கூப்பிடவில்லை. கூப்பிட எனக்கு என்ன உரிமை இருக்கிறது? இப்போது தினமும் போன் பண்ணுகிறான், சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா என்று கேட்கிறான், வைத்துவிடுகிறான். முன்பெல்லாம் அரைமணி நேரம் பேசுவான்.

ஹெச்.எம். டீச்சருக்கும் போன் பண்ணிச் சொன்னேன்.  முழுக்கக் கேட்டார். அப்புறம், “எந்தினா டீச்சரே?” என்று மெதுவாகக் கேட்டார். எதற்காக என்று கேட்கிறார்.   அந்த மேடையில் பேசினதற்காக, தாமே நேரில் வந்து உங்கள் படத்துக்கு முன்னால் நிற்க வேண்டும் என்றார். நிற்க வேண்டியது நான்தான் என்றேன்.

உங்களிடம் மன்னிப்புக் கேட்டு இதை முடித்துவிடலாம். நீங்கள் இருந்திருந்தால் அட விடு அம்மிணி என்று சொல்லியிருப்பீர்கள், அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டே கேட்பது கேட்பதில் சேர்த்தி இல்லை. அதனால் கேட்கவில்லை.

ஒரு வாக்கு மட்டும் தருகிறேன். கூடத்துப் படத்தை மாற்ற மாட்டேன். வருஷத் திதிக்குச் சொந்தபந்தம் எல்லாம் வரும், என் ஸ்கூல்காரர்களும் வருவார்கள். யாராவது அந்தப் படத்தைப் பார்த்து, ஏன் இத்தனை கோபமாக இருக்கிறார் என்று கேட்பார்கள். கேட்காவிட்டாலும் நானே நிறுத்திச் சொல்வேன். யாழினி வளர்ந்து கேட்கும்போதும் சொல்வேன். அவர் யார் மேலும் கோபமாக இல்லை, நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டு நிற்கிறார் என்று.

உங்க ஊட்டுக்காரி,
பிரபுவின் அம்மா,
சரோஜா